பனிக்காலத்தில் தேனீப் பெட்டி: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

கனடாவின் தெற்கு ஒன்டாரியோவில் நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை தேனீப் பெட்டியைத் திறந்து, அடை கட்டிய மரச்சட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வழியில்லை. குளிரில் திறந்தால் பார்ப்பதற்குள்ளேயே கெடுத்துவிடுவோம். வெளியே தெரிகிற சின்னச் சின்ன அடையாளங்களை வைத்துத்தான் உள்ளே நடப்பதை ஊகிக்க வேண்டும். இங்கே புதிதாகப் பெட்டி வைத்திருக்கும் நம்மவர்கள் பனிக்காலத்தில் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான்: முன்னால் செத்துக் கிடக்கின்றன, சத்தம் கேட்கவில்லை, மூடியில் தண்ணீர் நிற்கிறது, என்ன செய்வது? அதனால் அறிகுறி வாரியாகவே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஜனவரியில் கண்ணில் படும் கோளாறுகளில் பாதிக்கு மேல் ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் தொடங்கியவை. அவற்றை ஜனவரியில் சரிசெய்ய முடியாது. எனவே ஒவ்வொரு அறிகுறிக்கும் இப்போது செய்யக்கூடியது எது, அடுத்த ஆகஸ்டுக்குக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டியது எது என்று பிரித்துப் பாருங்கள். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள்தான் கடும் குளிரில் பெட்டியைத் திறந்துவிடுகிறார்கள்.

நன்றாக இருக்கும் பெட்டி எப்படி இருக்கும்

தேனீக்கள் பனிக்காலத்தில் தூங்குவதில்லை. வெப்பம் 14 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும்போது ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, ராணியை நடுவில் வைத்து, பந்துபோலத் திரள்கின்றன. இறக்கையை அசைக்காமல் மார்புத் தசையை மட்டும் நடுங்கவைத்துச் சூடு உண்டாக்குகின்றன. திரளின் வெளி அடுக்கு 10 டிகிரியை ஒட்டி இருக்கும். உள்ளே முட்டையும் புழுவும் இருந்தால் நடுப்பகுதி 34, 35 டிகிரி வரை போகும். அவை சூடாக்குவது தங்கள் திரளைத்தான், பெட்டியை அல்ல. திரளிலிருந்து ஒரு சாண் தள்ளி வெளியில் உள்ள குளிரே உள்ளேயும் இருக்கும்.

கோடையில் ஒரு வேலைக்காரத் தேனீ ஐந்தாறு வாரம்தான் வாழும். பனிக்காலத் தேனீ ஐந்தாறு மாதம் வாழும். ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபருக்குள் பிறக்கும் இந்தத் தேனீக்கள் உடலில் கொழுப்பும் புரதமும் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. அந்தச் சேமிப்புதான் ஏப்ரல் வரை தாக்குப்பிடிக்கவும், பிப்ரவரியில் புதுப் புழுக்களுக்குப் பால் ஊட்டவும் உதவுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பல அறிகுறிகள் தாமாகவே புரியும்.

அறிகுறி: வாசலுக்கு முன்னால் பனியில் செத்த தேனீக்கள்

பெரும்பாலும் கவலை வேண்டாம். இருபதாயிரம் தேனீக்களோடு பனிக்காலத்துக்குள் போன கூட்டம் பத்துப் பன்னிரண்டாயிரத்தோடு வெளியே வந்தால் அது நல்ல கூட்டம். இடைவெளியில் போன அத்தனையும் எங்கேயாவது விழத்தானே வேண்டும்? வெயில் அடிக்கும் நாளில் வீட்டைச் சுத்தம் செய்யும் தேனீக்கள் செத்தவற்றை இழுத்து வந்து வெளியே போடும். வெள்ளைப் பனியின் மேல் கிடப்பதால் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறது. கோடையில் இதைவிடப் பல மடங்கு புல்லுக்குள் விழுவதை நாம் பார்ப்பதே இல்லை.

செத்துக் கிடப்பதைவிட, அருகருகே இரண்டு பெட்டி இருந்து ஒன்றின் முன்னால் மட்டும் எதுவுமே கிடக்கவில்லை என்றால்தான் அந்தப் பெட்டியைக் கவனிக்க வேண்டும்.

கிடக்கும் தேனீக்களில் சிலவற்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். இறக்கை சுருங்கிக் கசங்கியிருந்தால் உள்ளே, தேனீயின் மேல் ஒட்டி வாழும் வரோவா உண்ணி அதிகம். இறக்கை நன்றாக இருந்தால் வயதாகிச் செத்தது என்று எடுத்துக்கொள்ளலாம். தலையும் உடலும் தனித்தனியாக, மார்பு குடையப்பட்ட தேனீக்கள் கிடந்தால் அது மூஞ்சூறு வேலை.

அறிகுறி: சத்தமே கேட்கவில்லை

காற்று இல்லாத நாளாகப் பார்த்துப் பெட்டியின் பக்கவாட்டில் காதை ஒட்டி வையுங்கள். விரல் முட்டியால் ஒருமுறை மட்டும் தட்டுங்கள். உயிருள்ள கூட்டம் “ஸ்ஸ்” என்று எழுந்து இரண்டு மூன்று நொடியில் அடங்கிவிடும். அது போதும், மறுபடி தட்டக் கூடாது. ஒவ்வொரு தட்டலுக்கும் திரள் கலைந்து மறுபடி சேர்வதில் அவற்றின் தேன்தான் செலவாகிறது.

சத்தம் கேட்கவில்லை என்றதும் செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். மைனஸ் 15 டிகிரியில் திரள் மிக இறுக்கமாக இருக்கும், ஓசை மிகவும் தாழ்ந்திருக்கும். மேலே காப்புப் போர்வை சுற்றியிருந்தால் இன்னும் கேட்காது. மருத்துவர் வைத்திருக்கும் ஸ்டெதாஸ்கோப் மலிவாகக் கிடைக்கிறது. அதை வாசல் வழியாகவோ மரத்தின் மேலோ வைத்துக் கேட்கலாம். கைபேசியில் மாட்டும் வெப்பக் கேமரா இருந்தால் விடியற்காலையில் படம் எடுங்கள், திரள் இருக்கும் இடம் மஞ்சளாகத் தெரியும். வெயில் விழுந்த பிறகு எடுத்தால் சூடேறிய மரம்தான் தெரியும். மேல்வாசல் இருந்தால் அதன் விளிம்பையும் பாருங்கள். உள்ளிருந்து வரும் ஈரக் காற்று அங்கே உறைந்து நுரைபோலப் படிந்திருக்கும், அதுவும் உயிரோடு இருப்பதற்கு நல்ல அடையாளம்.

தட்டியதும் எழுந்த ஓசை அடங்காமல் முனகலாக நீண்டுகொண்டே போனால் ராணி இல்லாமல் இருக்கலாம். ஆனால் பனிக்காலத்தில் அதற்குச் செய்ய ஒன்றுமில்லை. பெட்டியில் குறித்துவிட்டு நகருங்கள்.

அறிகுறி: பெட்டி லேசாக இருக்கிறது

இதில்தான் நாம் நேரடியாக உயிரைக் காப்பாற்ற முடியும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மாதம் ஒருமுறை பெட்டியின் பின்பக்கத்தைக் கையால் ஓரிரு அங்குலம் தூக்கிப் பாருங்கள். அக்டோபரிலேயே ஒருமுறை தூக்கிக் கனத்தைக் கைக்குப் பழக்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிப்ரவரியில் ஒப்பிட எதுவும் இருக்காது. பெட்டிகளை ஐஸ் தரையோடு ஒட்டிப் பிடித்திருந்தால் கனமாக இருப்பதாகத் தோன்றும், ஏமாந்துவிட வேண்டாம். சாமான் தூக்கும் கொக்கித் தராசு ஒன்று இருந்தால் இரண்டு பக்கமும் தூக்கிக் கூட்டிப் பார்த்து எழுதி வையுங்கள்.

இந்த ஊர்க் குளிருக்கு ஒரு கூட்டத்துக்கு 27 முதல் 40 கிலோ தேன் வேண்டும். இங்கே வழக்கமாக வைக்கும் லாங்ஸ்ட்ராத் வகைப் பெட்டியில் இருபுறமும் நிரம்பி மூடிய பெரிய சட்டம் ஒன்றில் கிட்டத்தட்ட 3 கிலோ தேன் இருக்கும். அந்தக் கணக்கில் பத்துப் பன்னிரண்டு நிரம்பிய சட்டம். செப்டம்பரில் கோல்டன்ராடு, ஆஸ்டர் பூக்களிலிருந்து தேனீக்கள் நிறையக் கொண்டுவரும். ஆனால் மழை பிடித்துக்கொண்டால் அந்த வரத்தை நம்ப முடியாது.

செலவு மாதா மாதம் ஒரே அளவில் இருக்காது. நவம்பர், டிசம்பரில் குறைவாகவே சாப்பிடும். ஜனவரி கடைசியில் ராணி மறுபடி முட்டையிடத் தொடங்கும், அப்போது நடுப்பகுதியை 35 டிகிரியில் வைத்திருக்க வேண்டும், செலவு ஏறும். அதனால்தான் பட்டினிச் சாவு பெரும்பாலும் மார்ச்சில் வருகிறது. “ஜனவரி தாண்டிவிட்டது, இனிப் பயமில்லை” என்று நினைப்பது தவறு. மார்ச் கனத்தைத்தான் நம்ப வேண்டும்.

லேசாக இருந்தால் என்ன கொடுப்பது? பாகு கொடுக்கக் கூடாது. 10 டிகிரிக்குக் கீழே அவற்றால் பாகை எடுக்க முடியாது, எடுத்தாலும் அதில் உள்ள தண்ணீரை வற்றவைக்கச் சூடு போதாது. கெட்டியான சர்க்கரைதான் கொடுக்க வேண்டும். 1 கிலோ வெள்ளைச் சர்க்கரைக்கு 70, 80 மில்லி தண்ணீர் தெளித்து, ஈர மணல் பதத்தில் பிசைந்து, தட்டில் அழுத்தி இரண்டு நாள் காயவிட்டால் கல்லாகிவிடும். காய்ச்ச வேண்டியதில்லை. நேரம் இல்லை என்றால் சட்டங்களின் மேல் ஒரு தாள் செய்தித்தாளை விரித்து, ஓரங்களில் காற்றுப் போக இடம் விட்டு, அதன் மேல் சர்க்கரையைக் கொட்டி லேசாக நீர் தெளித்துவிடுங்கள். இரண்டு கிலோ ஒரு தவணைக்குச் சரியாக இருக்கும். திரள் எங்கே இருக்கிறதோ அதற்கு நேர் மேலே வைக்க வேண்டும். ஓரத்தில் வைத்தால் அது இருப்பதாகவே அவற்றுக்குத் தெரியாது. மூடியைத் தூக்கி, வைத்து, மூடுவதற்கு ஒரு நிமிடம் போதும். வெயில் இருக்கும், காற்று இல்லாத நண்பகலாகப் பாருங்கள். அப்படி நாள் கிடைக்காமல் பெட்டி காலியாகிவிட்டது என்று தெரிந்தால் குளிரிலும் கொடுத்துவிடுங்கள், பட்டினி அதற்காகக் காத்திருக்காது.

நம் வீடுகளில் ஒரு நல்ல எண்ணம் உண்டு: வெள்ளைச் சர்க்கரை கெடுதல், வெல்லமோ கருப்பட்டியோ நாட்டுச் சர்க்கரையோ கொடுப்போமே என்று. மனிதருக்கு எப்படியோ, பனிக்காலத் தேனீக்கு அது ஆபத்து. வெல்லத்தில் உள்ள தாதுப்புகளும் மற்றவையும் செரிக்காமல் குடலில் கழிவாகத் தங்கும். வாரக் கணக்கில் வெளியே போக முடியாத தேனீக்கு அது வயிற்றுப்போக்கில் முடியும். வெள்ளைச் சர்க்கரை மட்டும்தான். கடையில் வாங்கிய தேனும் வேண்டாம், அதில் தேனீப் புழுக்களைக் கொல்லும் அழுகல் நோயின் கிருமி வித்துகள் இருக்கக்கூடும்.

இன்னொன்று: பெட்டி கனமாக இருந்தும் பட்டினியால் சாகலாம். திரள் சிறியதாக இருந்து, பல நாள் கடும் குளிர் தொடர்ந்தால், பக்கத்துச் சட்டத்தில் உள்ள தேனுக்கு நகர முடியாமல் செத்துவிடும். நாலு விரல்கடைக்கு அப்பால் தேன் நிரம்பியிருக்கும். திரளுக்கு நேர் மேலே சர்க்கரைக் கல் வைப்பது இதற்கும் ஒரு காப்பு.

அடுத்த செப்டம்பருக்கு: இரண்டு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு தண்ணீர் என்று எடையில் கலந்த கெட்டிப் பாகை அக்டோபர் தொடக்கத்துக்குள் கொடுத்து முடியுங்கள். பாகை வற்றவைத்து மெழுகு மூட அவற்றுக்கு வெதுவெதுப்பான நாட்கள் வேண்டும். இன்னும் ஒரு டப்பா தேன் எடுக்கலாமே என்று ஆகஸ்டில் யோசிக்கும்போது மார்ச் மாதப் பெட்டியின் கனத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: மூடியின் அடியில் நீர் அல்லது ஐஸ்

தேன் எரிந்தால் சூடு மட்டும் வருவதில்லை, தண்ணீரும் வருகிறது. 1 கிலோ தேனைச் செரித்தால் தேனில் ஏற்கெனவே இருந்த ஈரத்தையும் சேர்த்து முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவாக நீராவி வெளிவரும். 30 கிலோ தேன் என்றால் ஏறக்குறைய 20 லிட்டர் தண்ணீர். அந்த ஈரச் சூட்டுக் காற்று மேலே போய்க் குளிர்ந்த மூடியில் பட்டு நீராகி, திரளின் மேலேயே சொட்டுகிறது. காய்ந்த தேனீ கடும் குளிரைத் தாங்கும். நனைந்த தேனீயால் முடியாது. இந்த ஊரில் குளிரால் நேரடியாகச் சாவதைவிட ஈரத்தால் சாவது அதிகம் என்பது பழைய தேனீ வளர்ப்பாளர்கள் எல்லோரும் ஒத்துக்கொள்ளும் விஷயம்.

இப்போது செய்யக்கூடியது: உள்மூடிக்கு மேலே 5 செ.மீ. தடிமனான நுரைப்பலகை ஒன்றை வையுங்கள். பக்கங்களைவிட மேல்பகுதி சூடாக இருந்தால் நீராவி மூடியில் படியாமல் பக்கச் சுவர்களில் படிந்து வழியும், அது தேனீக்களைத் தொந்தரவு செய்யாது, அவை குடிக்கவும் பயன்படும். மேலே விரலளவுக்கு ஒரு வாசல் திறந்திருக்கட்டும். பெட்டியின் பின்பக்கத்துக்கு அடியில் ஒரு சிறு மரத்துண்டு கொடுத்து முன்பக்கம் சற்றுச் சரிவாக வைத்தால் தேங்கிய நீர் வாசல் வழியே வெளியேறும். சர்க்கரைக் கல் வைத்திருந்தால் அதுவும் ஈரத்தை உறிஞ்சும்.

பெட்டியைச் சுற்றிப் போர்வை போடுவதா வேண்டாமா என்று எப்போதும் வாக்குவாதம் நடக்கும். காற்று அடிக்கும் திறந்த வயல் ஓரமாக இருந்தால் கறுப்புக் காப்புப் போர்வை நிச்சயம் உதவும். மரங்களுக்கு நடுவில் காற்று மறைவாக இருந்தால் அவ்வளவு வித்தியாசம் இல்லை. ஆனால் மேல்மூடிக்கு அடியில் காப்பு வேண்டுமா என்றால் எங்கே இருந்தாலும் வேண்டும் என்பேன்.

அறிகுறி: மஞ்சள், பழுப்புத் தீற்றல்கள்

தேனீ பெட்டிக்குள் மலம் கழிக்காது. வாரக் கணக்கில் அடக்கி வைத்திருந்து, 10 டிகிரியை ஒட்டிய வெயில் நாள் வந்ததும் கூட்டமாக வெளியே பறந்து கழிக்கும். அன்று மாலை பெட்டியைச் சுற்றிப் பனியெல்லாம் மஞ்சள் புள்ளியாக இருக்கும். அது ஆரோக்கியம், சந்தோஷப்பட வேண்டிய காட்சி.

தீற்றல் பெட்டியின் முன்பலகையில் கொத்தாகவும், உள்ளே சட்டங்களின் மேலும் இருந்தால் வயிற்றுப்போக்கு. காரணங்கள்: நீண்ட குளிரில் பறக்க ஒருநாளும் கிடைக்காதது, வெல்லம் போன்ற கழிவு நிறைந்த உணவு, புளித்த பாகு, அடிக்கடி தட்டித் தொந்தரவு செய்தது. நோசிமா என்னும் குடல் நோயும் இருக்கலாம், ஆனால் தீற்றலை மட்டும் வைத்து நோசிமா என்று சொல்ல முடியாது. நோசிமாவில் ஒரு வகை தீற்றலே இல்லாமல் வரும். நுண்ணோக்கியில் பார்த்தால்தான் உறுதி. இப்போது செய்யக்கூடியது வெகு குறைவு: கீழ்வாசலில் அடைத்திருப்பதை நீக்குங்கள், மற்றபடி விட்டுவிடுங்கள். வசந்தத்தில் தீற்றல் படிந்த பழைய கறுப்பு அடைகளைக் களைந்துவிட வேண்டும்.

அறிகுறி: வாசலில் மெழுகுத் துகள், புல், மூத்திர வாடை

எலி. அக்டோபர் இரவுகள் குளிர்ந்ததும் இடம் தேடி நுழைந்துவிடும். தேனீக்கள் மேலே திரண்டிருக்கும்போது கீழே அடையைக் கடித்துக் குழியாக்கிப் புல்லால் கூடு கட்டும். பனிக்காலத்தின் நடுவில் கண்டுபிடித்தால், வெயில் நாளில் கம்பியை வளைத்துக் கீழ்வாசல் வழியே கூட்டை இழுத்து எலியை விரட்டுங்கள், பிறகு வாசலை அடையுங்கள். எலி உள்ளே இருக்கும்போதே அடைத்தால் அங்கேயே செத்து நாறும். அடுத்த முறை செப்டம்பர் கடைசிக்குள் வாசல் உயரத்தை 10 மி.மீட்டருக்குக் குறைத்துவிடுங்கள்.

வாசல் செத்த தேனீக்களாலோ ஐஸாலோ அடைபட்டிருந்தால் அது எளிது. வளைத்த கம்பியால் மெல்ல இழுத்துவிட்டால் போதும். பஞ்சுபோன்ற புதுப்பனி வாசலை மூடியிருந்தால் பதற வேண்டாம், அதன் வழியே காற்று போகும்.

அறிகுறி: திறந்து பார்த்தால் கூட்டம் செத்திருக்கிறது

பெட்டியைச் சுத்தம் செய்து மூலையில் போட்டுவிடுவதுதான் பலருடைய முதல் வேலை. தயவு செய்து அப்படிச் செய்ய வேண்டாம். செத்த பெட்டி சொல்வதை வேறு எதுவும் சொல்லாது. வாசலை முதலில் அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வெயில் நாளில் பக்கத்துக் கூட்டங்கள் வந்து தேனைக் கொள்ளையடித்து நோயையும் எடுத்துக்கொண்டு போகும். அப்புறம் ஒவ்வொரு சட்டமாகப் பாருங்கள்.

தேனீக்கள் அறைகளுக்குள் தலையை நுழைத்தபடி, பின்பக்கம் மட்டும் தெரியச் செத்திருக்கின்றனவா? சுற்றிலும் தேன் இல்லையா? பட்டினி. தேன் வேறு சட்டத்தில் இருந்தால், நகர முடியாத பட்டினி.

பெரிய திரள், தேனும் இருக்கிறது, ஆனால் எல்லாம் நனைந்து பூசணம் பிடித்திருக்கிறதா? ஈரம். பூசணம் செத்த பிறகும் வரும் என்பதால் மூடியின் அடியைப் பாருங்கள், நீர்க்கறை இருக்கும்.

தேன் நிறைய இருக்கிறது, தேனீக்கள் மட்டும் கையளவுதான், அல்லது அதுவும் இல்லையா? “எல்லாம் ஓடிப்போய்விட்டன” என்று இதைத்தான் சொல்வார்கள். அவை ஓடவில்லை. வரோவா உண்ணியால் பலவீனமாகப் பிறந்த பனிக்காலத் தேனீக்கள் நவம்பருக்குள் ஒவ்வொன்றாக வெளியே போய்ச் செத்திருக்கும். உறுதி செய்ய, புழு இருந்த சட்டத்தைத் தலைகீழாகப் பிடித்து, வெளிச்சம் தோளுக்குப் பின்னாலிருந்து விழும்படி வைத்து, அறைகளின் கூரையைப் பாருங்கள். உப்புத் துகள் ஒட்டியதுபோல வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் அவை உண்ணியின் கழிவு. மூடிய அறைகளில் சிறு ஓட்டைகள், வெளியே வர முயன்று நாக்கை நீட்டியபடி செத்த இளந்தேனீக்கள், அடிப்பலகையில் செம்பழுப்பு நிற உண்ணிகள் இருந்தால் சந்தேகமே இல்லை.

இந்த உண்ணியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது முதலில் ஆசியாவின் அடுக்குத் தேனீயோடு வாழ்ந்தது. நம் ஊர்ப் பெட்டிகளில் இருக்கும் இந்தியத் தேனீ அந்த இனம்தான். அதில் உண்ணி பெரும்பாலும் ஆண்தேனீப் புழுக்களில்தான் பெருகும், தேனீக்களும் உண்ணியைப் பிடித்துத் தள்ளும். அதனால் இருவரும் ஒருவரையொருவர் அழிக்காமல் வாழ்ந்தார்கள். இங்கே வளர்க்கும் ஐரோப்பியத் தேனீக்கு அந்தப் பழக்கம் இல்லை. கனடாவுக்குள் உண்ணி 1989இல் வந்தது, அதன் பிறகு பனிக்காலச் சாவுகளின் முதல் காரணமாக ஆகிவிட்டது. 2021-22 பனிக்காலத்தில் கனடா முழுவதும் 45 சதவீதக் கூட்டங்கள் போயின. ஊரில் தேனீ வளர்த்த அனுபவம் உள்ளவர்கள் “எங்கள் பெட்டிக்கு மருந்தே வைத்ததில்லை” என்பார்கள். உண்மைதான், ஆனால் அந்த அனுபவத்தை இந்தத் தேனீக்குப் பொருத்த முடியாது.

அடுத்த ஆகஸ்டுக்கு: புழு உள்ள சட்டத்திலிருந்து, ராணி அதில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அரைக் கப் அளவு, அதாவது சுமார் 300 தேனீக்களை ஆல்கஹால் ஊற்றிய டப்பாவில் போட்டுக் குலுக்கி, உதிரும் உண்ணிகளை எண்ணுங்கள். 9 இருந்தால் 3 சதவீதம், அன்றே சிகிச்சை தொடங்க வேண்டும். 300 தேனீயைக் கொல்ல மனசு வராது என்பது புரிகிறது. எண்ணாமல் விட்டால் இருபதாயிரம் போகும். ஆகஸ்டில் தேன் எடுத்து முடித்ததும் உண்ணியைக் கொல்லும் மருந்தாக ஃபார்மிக் அமிலமோ தைமாலோ, வெப்பநிலையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஃபார்மிக் அமிலத்தை 30 டிகிரி வெயிலில் வைத்தால் ராணி போய்விடும். நவம்பரில் புழு இல்லாத நேரத்தில் ஆக்ஸாலிக் அமிலம் ஒருமுறை. அப்போது உண்ணிகள் ஒளிய மூடிய அறை இருக்காது. கையுறையும் முகக்காப்பும் இல்லாமல் இந்த அமிலங்களைத் தொட வேண்டாம். ஆகஸ்டில் செய்வதைச் செப்டம்பர் கடைசிக்குத் தள்ளினால் உண்ணி சாகும், ஆனால் பனிக்காலத் தேனீக்கள் ஏற்கெனவே கெட்டுப் பிறந்திருக்கும்.

செத்த பெட்டியின் அடையை வேறு கூட்டத்துக்குக் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை கட்டாயம். புழு அறைகளின் அடிச் சுவரில் கறுப்பாகக் காய்ந்து, கத்தியால் சுரண்டினாலும் வராத செதில் இருக்கிறதா? மூடி உள்வாங்கிய அறையில் தீக்குச்சியை விட்டு இழுத்தால் பழுப்பு நிறத்தில் நூலாக இழுபடுகிறதா? இருந்தால் அது அமெரிக்க அழுகல் நோய். அதன் வித்துகள் பல பத்தாண்டுகள் சாகாமல் இருக்கும். எதையும் இடம் மாற்றாமல் மாகாணத் தேனீ ஆய்வாளரிடம் தெரிவியுங்கள். இல்லை என்றால் நல்ல அடைகளையும் தேனையும் வைத்துக்கொள்ளலாம். வெப்பம் ஏறுவதற்குள் குளிர்பதனப் பெட்டியில் உறையவைத்து எடுத்தால் மெழுகுப் பூச்சியும் வராது.

அறிகுறி: மார்ச்சில் பறக்கின்றன, ஏப்ரலில் காணவில்லை

இரண்டு நிலைமைகள் இதில் கலந்து வரும். முதலாவது, அந்தப் பெட்டி மார்ச்சிலேயே செத்துவிட்டது, நீங்கள் பார்த்தது கொள்ளையடிக்க வந்த வேறு கூட்டத்துத் தேனீக்களை. காலில் மகரந்தம் சுமந்து உள்ளே போகிறதா என்று பாருங்கள். மேப்பிளும் வில்லோவும் பூத்ததும் உயிருள்ள கூட்டம் மகரந்தம் கொண்டுவரும். கொள்ளையர் வெறுங்காலோடு வந்து வயிறு நிரம்பிப் போவார்கள்.

இரண்டாவது, உண்மையிலேயே தேய்ந்து போவது. ராணி முட்டையிட்டுக்கொண்டே போகிறது, கிழத் தேனீக்கள் தினம் உதிர்கின்றன, புதியவை பிறக்க மூன்று வாரம் ஆகும். இடையில் ஒரு குளிர் வாரம் வந்தால் சிறு திரள் புழுக்களை விட்டு நகராமல் அவற்றின் மேலேயே விறைத்துச் சாகும். இதைத் தவிர்க்க மகரந்த மாவுக் கட்டியை மார்ச் நடுவுக்கு முன் கொடுக்காதீர்கள். சீக்கிரம் கொடுத்தால் தாங்க முடியாத அளவுக்குப் புழு வளர்க்கும். போர்வையை முதல் வெயிலில் கழற்றாமல் ஏப்ரல் கடைசி வரை விட்டு வையுங்கள். வாசலைக் குறுக்கி, காலிச் சட்டங்களை நீக்கி, திரளுக்குத் தக்க இடம் மட்டும் விடுங்கள்.

14, 15 டிகிரி வெயில் நாள் கிடைத்ததும் முதல் முறையாகச் சட்டத்தைத் தூக்கலாம். முட்டை ஒவ்வொரு அறையிலும் ஒன்றாக, அடியில் இருந்தால் ராணி நலம், உடனே மூடிவிடுங்கள். வேலைக்காரத் தேனீக்களின் சிறு அறைகள் மேல் குமிழ் குமிழாக உப்பிய மூடிகள் மட்டும் இருந்தால் ராணியிடம் விந்து தீர்ந்துவிட்டது, ஆண்தேனீயே பிறக்கிறது. ஹவாயிலிருந்தோ கலிஃபோர்னியாவிலிருந்தோ ராணி வரும் வரை காத்திருக்கலாமா என்பது தேனீக்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஐந்து சட்ட இடைவெளி நிறையத் தேனீ இருந்தால் காத்திருக்கலாம். இரண்டுதான் என்றால், நோய் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, கெட்டுப்போன ராணியை நீக்கிவிட்டு, நல்ல கூட்டத்தின் மேல் ஒரு தாள் செய்தித்தாள் விரித்து, அதன் மேல் இந்தப் பெட்டியை வைத்துவிடுங்கள். தாளைக் கடித்து முடிப்பதற்குள் வாடை கலந்து ஒன்றாகிவிடும். மே மாதம் அந்தக் கூட்டம் பெருத்ததும் மறுபடி இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம்.